கல்வெட்டில் ஒரு அமைச்சர்: மணவில் கூத்தனின் கதை

1/ சிதம்பரம் கோயிலை வளர்த்தது யாருன்னு கேட்டா சோழ ராஜாக்கள் பேரை வரிசையா சொல்லிடுவோம். அந்த வேலைகளை முன்னால நின்னு முடிச்ச அதிகாரி பேரு? பலருக்குத் தெரியாது. நம்ம கடலூர் மாவட்டத்துக் கல்லிலேயே அவர் கதை இருக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ பேரு கூத்தன். தொண்டை மண்டலத்து மணவில் என்கிற ஊரின் தலைவர். பட்டப்பெயர்கள் காலிங்கராயன், நரலோகவீரன். முதலாம் குலோத்துங்கனிடம் படைத்தலைவர். அடுத்து வந்த விக்கிரம சோழனிடமும் செல்வாக்கு குறையாம இருந்தவர்.

3/ அது எப்படிப்பட்ட அரசவை? 1077-ல் 72 பேர் கொண்ட தூதுக்குழு இங்கிருந்து சீனா போயிருக்கு. 1090-ல் கடாரத்துத் தூதர்கள் வந்து நாகப்பட்டினம் புத்த விகாரங்களுக்காகப் பேசியிருக்காங்க. காம்போஜ அரசன் காட்சியாகக் காட்டின ஒரு கல்லை, 1114-ல் சிதம்பரம் கோயில்ல பதிச்சாங்க.

4/ இப்படி ஒரு இடத்துல நிலைச்சு நிக்கறது சாதாரண விஷயமில்லை. நாலு நூற்றாண்டு கழிச்சு இங்கிலாந்துல தாமஸ் கிராம்வெல்னு ஒருத்தர். எளிய குடும்பம். எட்டாம் ஹென்றியோட வலது கை ஆனார். ராஜாவுக்கு அவர் பேசி முடிச்ச ஜெர்மன் சம்பந்தம் சரிப்படலை. 1540 ஜூலை 28 அன்னிக்கு கிராம்வெல் தலை போச்சு. அதே நாள் ராஜாவுக்கு அடுத்த கல்யாணம்!

5/ நம்ம கூத்தனுக்கும் ஆபத்தான கட்டம் உண்டு. 1118-ல் விக்கிரமன் இளவரசுப் பட்டம் ஏத்தார். அதிகாரம் கை மாறும்போது பழைய ஆட்கள் ஓரங்கட்டப்படறது எந்தக் காலத்திலும் நடக்கறதுதான். இவர் ஓரங்கட்டப்படலை.

6/ சிதம்பரத்துல அவர் செஞ்சதா கல்வெட்டு வெண்பாக்கள் சொல்ற பட்டியல்: நூற்றுக்கால் மண்டபம், பொன் வேய்ந்த கூரை, சிவகாமி அம்மன் கோயில் திருப்பணி, குளத்துக்குக் கல் படிகள், மாசி மகத்துக்குச் சாமி கடலுக்குப் போக ஒரு சாலை. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, தேவாரப் பாடல்களைச் செப்பேட்டில் எழுத வெச்சது. ஓலை செல்லரிக்கும், செம்பு அரிக்காதுன்னு யோசிச்சிருக்கார்.

7/ அடுத்து பண்ருட்டி பக்கம் திருவதிகை. அப்பருக்கு சூலை நோய் தீர்ந்த ஊர். 'தாங்க முடியாத வயித்து வலி'ன்னு வர்றவங்களைத் தினமும் பார்க்கற எனக்கு அந்தக் கதை ரொம்ப நெருக்கம். அங்கே அப்பருக்குத் தனிக் கோயில் எடுத்தவரும் இவரே. அந்தக் கோயில் சுவரிலும் இவரைப் பற்றிய பாடல்கள் இருக்கு.

8/ ஒரு எச்சரிக்கை. இந்தப் பாட்டெல்லாம் அவரைப் புகழ்றதுக்காகவே வெட்டினது. நோயாளி தன்னோட கேஸ் ஷீட்டைத் தானே எழுதிக்கிட்ட மாதிரி! போர்ல அவர்கிட்ட தோத்தவங்க என்ன சொன்னாங்க, சாலை போட்ட கூலிக்காரருக்கு என்ன கிடைச்சதுன்னு அதுல தேடிப் பார்க்க முடியாது.

9/ கிராம்வெல்லைக் கைது பண்ணினப்போ அவர் காகிதங்களையும் அள்ளிட்டுப் போனாங்க. அவருக்கு வந்த கடிதங்கள் அதனாலதான் குவியலா மிஞ்சியது. கெஞ்சினவர், மிரட்டினவர், லஞ்சம் நீட்டினவர், எல்லார் குரலும் அதுல கேட்கும். கூத்தன் விழாததால நமக்குக் கிடைச்சது கல்லில் வெட்டின புகழ் மட்டும். அவர் பயந்த ராத்திரிகள் எதுவும் அதில் கிடையாது.

10/ ஆனாலும் கட்டினது கட்டினதுதான். அடுத்த முறை சிதம்பரமோ திருவதிகையோ போனா சாமி கும்பிட்டுட்டு உடனே கிளம்பாதீங்க. சுவர்ல இருக்கற எழுத்துப் பக்கம் ரெண்டு நிமிஷம் நில்லுங்க. அதுமேல சுண்ணாம்பு, பெயின்ட் அடிக்கறதைப் பார்த்தா தயவுசெஞ்சு தடுங்க. தொள்ளாயிரம் வருஷம் தாங்கின ஆவணம் அது.