உயர்நிலை உயிர்காப்புப் பயிற்சி

இதயத் துடிப்பு நின்றுபோன, அல்லது நிற்கும் தறுவாயில் உள்ள நோயாளிக்கு முதல் சில நிமிடங்களில் செய்ய வேண்டியவற்றை மருத்துவர், செவிலியர், ஆம்புலன்ஸ் ஊழியர் ஆகியோருக்கு ஒரு குழுவாகப் பழக்கித் தரும் படிப்பு இது. மார்பை அழுத்துவதும் செயற்கைச் சுவாசம் தருவதும் அடிப்படைப் பயிற்சியில் அடங்கிவிடும். ஈசிஜி பார்த்துத் துடிப்பின் கோளாறை இனங்காண்பது, டிஃபிப்ரிலேட்டரால் ஷாக் கொடுப்பது, மூச்சுக்குழலில் குழாய் இறக்குவது, அட்ரினலின் முதலிய மருந்துகளைச் சிரை வழியே ஏற்றுவது, துடிப்பு நின்றதன் காரணத்தைத் தேடிச் சரிசெய்வது ஆகியவை அதற்கு மேலே வருபவை. ஏசிஎல்எஸ் என்ற அமெரிக்கப் படிப்பின் பெயரே தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் பெருவழக்கு.

பயிற்சிக்கு முன்னால் கருவிகளும் முறைகளும் தனித்தனியே பிறந்தன. 1947இல் கிளீவ்லாந்தில் அறுவை மருத்துவர் கிளாட் பெக், அறுவை மேசையில் இதயம் நின்றுபோன 14 வயதுச் சிறுவனின் மார்பைத் திறந்து, இதயத்தைக் கையால் பிசைந்து, நேரடியாக மின்னதிர்ச்சி கொடுத்துப் பிழைக்க வைத்தார். 1956இல் பால் சோல் மார்பைத் திறக்காமலே ஷாக் கொடுத்துக் காட்டினார். அதே பத்தாண்டில் ஜேம்ஸ் ஈலம், பீட்டர் சஃபார் என்ற இரு மயக்கவியல் நிபுணர்கள், வாயோடு வாய் வைத்து ஊதும் மூச்சே ஒருவரின் இரத்தத்தில் போதிய ஆக்சிஜனை நிலைநிறுத்தும் என்று நிறுவினர். பால்டிமோரில் சஃபார் நடத்திய சோதனைகளில், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தை ஏற்றுக்கொண்டு மூச்சில்லாமல் கிடக்கத் தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். அந்தத் துணிவை மருத்துவ வரலாறு போதுமான அளவு போற்றவில்லை.

1960 ஜூலையில் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த கோவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகியோர் வெளியிட்ட கட்டுரைதான் திருப்புமுனை. நாயின் மார்பில் டிஃபிப்ரிலேட்டர் தகடுகளை அழுத்திப் பிடித்தபோதே இரத்த அழுத்தம் ஏறுவதை நிக்கர்பாக்கர் கவனித்திருந்தார். அதிலிருந்து மூடிய மார்பை அழுத்தும் முறை உருவானது. கட்டுரையில் இடம்பெற்ற 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்திருந்தனர். அந்த ஆண்டே நார்வேயின் ஸ்டாவங்கர் நகரப் பொம்மைத் தயாரிப்பாளர் அஸ்முண்ட் லேர்டால், பழகிப் பார்ப்பதற்கென்று ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். 1962இல் பெர்னார்ட் லோன் நேர்மின்னோட்ட டிஃபிப்ரிலேட்டரைக் கொண்டுவந்தார்.

முறை கைக்கு வந்துவிட்டது. அதைச் செய்ய யாருக்கு உரிமை என்ற கேள்விதான் அடுத்து எழுந்தது. பிற்காலப் பயிற்சியின் உயிர்நாடி இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையில்தான் இருக்கிறது. இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். மருத்துவர் வேறொரு மாடியிலிருந்து ஓடிவருவதற்குள் காலம் கடந்துவிடும். 1960களின் முற்பகுதியில் இதய நோய்த் தீவிரக் கண்காணிப்புப் பிரிவுகள் தோன்றியபோது, பிலடெல்பியாவில் லாரன்ஸ் மெல்ட்சர் போன்றோர் செவிலியர்களுக்கு ஈசிஜி படிக்கவும் தாங்களே ஷாக் கொடுக்கவும் கற்றுத்தந்தனர். மருத்துவரின் உத்தரவுக்குக் காத்திருப்பதே செவிலியர் பணி என்றிருந்த காலத்தில் இது பெரிய அதிகார மாற்றம். நோயாளியின் பக்கத்தில் நிற்பவரே தொடங்கலாம் என்ற கொள்கை அங்கே நடைமுறைக்கு வந்தது.

மருத்துவமனைச் சுவருக்கு வெளியே அந்தக் கொள்கையைக் கொண்டுசென்றவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் பெல்ஃபாஸ்டின் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ். 1966இல் அவர் டிஃபிப்ரிலேட்டரை வண்டியில் ஏற்றி நோயாளியின் வீட்டுக்கே அனுப்பினார். மற்றவர் பிட்ஸ்பர்கிற்கு இடம்பெயர்ந்திருந்த சஃபார். 1966இல் அவருடைய மகள் ஆஸ்துமாவால் இறந்தாள். மறு ஆண்டு அந்நகரில் தொடங்கிய ஃபிரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவைக்கு அவர் பாடத்திட்டம் வகுத்தார். ஹில் பகுதியின் கறுப்பின இளைஞர்கள், வேலை கிடைக்காது என்று ஒதுக்கப்பட்டவர்கள், ஏறக்குறைய 300 மணி நேரப் பயிற்சி பெற்று அந்த வண்டிகளில் ஏறினார்கள். பின்னர் அவர்களுக்கு வழிகாட்டிய மருத்துவர் நான்சி கரோலைன், அமெரிக்காவின் தேசியப் பாராமெடிக் பாடத்திட்டத்தையே எழுதினார். நகர நிர்வாகம் 1975இல் அந்தச் சேவையை மூடிவிட்டுத் தன் சொந்த ஆம்புலன்ஸ் துறையைத் தொடங்கியது. இன்று ஆம்புலன்ஸில் உயர்நிலைச் சிகிச்சை தரும் எவரும் அந்த இளைஞர்களின் வழித்தோன்றல்களே.

1966இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் கூட்டிய மாநாடு, மருத்துவத் துறையினர் அனைவருக்கும் ஒரே தரத்தில், மார்பழுத்தமும் செயற்கைச் சுவாசமும் சேர்ந்த சிபிஆர் பயிற்சி வேண்டும் என்றது. 1973இல் நடந்த இரண்டாம் மாநாட்டின் முடிவுகள் 1974இல் வெளியாயின. உயர்நிலை உயிர்காப்பு அவற்றில் தனிப் பிரிவாக இடம்பெற்றது. அதைத் தொடர்ந்து அமெரிக்க இதயச் சங்கத்தின் கீழ் ஏசிஎல்எஸ் படிப்பு உருவெடுத்தது. விரிவுரையைக் குறைத்துச் செய்முறையைக் கூட்டியது அதன் புதுமை. மாணவர்கள் சிறு குழுக்களாக ஒவ்வொரு நிலையமாகச் செல்வார்கள்: ஒன்றில் மூச்சுப்பாதை, ஒன்றில் ஈசிஜி, ஒன்றில் மருந்து. முடிவில் மெகாகோட் என்னும் தேர்வு. பொம்மை நோயாளியின் துடிப்பு நிமிடத்துக்கு நிமிடம் மாற, குழுத் தலைவராக நிற்பவர் யார் என்ன செய்வது என்று சொல்லி நடத்த வேண்டும்.

இந்த வடிவம் எவ்வளவு வலுவானது என்பது நெப்ராஸ்காவில் தெரிந்தது. 1976 பிப்ரவரி 17 அன்று எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிவந்த சிறு விமானம் வயலில் விழுந்து நொறுங்கியது. மனைவி அங்கேயே இறந்தார். நான்கு பிள்ளைகளில் மூவருக்குப் படுகாயம். காயத்தோடு அவரே பிள்ளைகளை வெளியே எடுத்து, சாலையில் வந்த காரை நிறுத்தி, பக்கத்துச் சிற்றூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே கதவு பூட்டிக் கிடந்தது. பிறகு வந்த மருத்துவர்களுக்கும் இத்தகைய விபத்துக் காயங்களைக் கையாளும் பழக்கமில்லை. வயலில் தன்னால் தர முடிந்த சிகிச்சைகூட மருத்துவமனையில் கிடைக்கவில்லை என்றால் அமைப்பையே மாற்ற வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். லிங்கன் நகரில் ஏற்கெனவே ஏசிஎல்எஸ் வகுப்பு நடத்திவந்தவர்கள் கைகொடுத்தனர். 1978இல் அபர்ன் என்ற சிற்றூரில், விபத்துக் காயங்களுக்கான ஏடிஎல்எஸ் படிப்பின் முதல் வகுப்பு நடந்தது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. எந்த உறுப்பில் காயம் என்று தேடுவதற்கு முன், எது முதலில் உயிரைப் பறிக்குமோ அதை முதலில் கவனி என்பதே அதன் சாரம். மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற வரிசையோடு தொடங்கிய அந்தப் படிப்பு இன்று 80க்கும் மேற்பட்ட நாடுகளில் கற்பிக்கப்படுகிறது.

பச்சிளம் குழந்தைகளுக்கான படிப்பு 1987இலும், வளர்ந்த குழந்தைகளுக்கான பால்ஸ் 1988இலும் வந்தன. 1992இல் பன்னாட்டு மீளுயிர்ப்பு மன்றங்கள் ஒன்றுகூடி இல்கோர் என்னும் கூட்டமைப்பை நிறுவின. சான்றுகளை அலசும் பொறுப்பு அதனிடம் போனது.

அலசியதில் பல நம்பிக்கைகள் உதிர்ந்தன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 17 நகரங்களில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, விரைவான ஷாக் ஏற்கெனவே கிடைக்கும் ஆம்புலன்ஸ் சேவையில் குழாயும் மருந்தும் கூடுதலாகச் சேர்த்ததால் வீடு திரும்பியோர் விகிதம் உயரவில்லை என்றது. முன்பு 5.0 சதவீதம், பின்பு 5.1 சதவீதம். உடனிருந்தோர் செய்த சிபிஆரும் விரைவான ஷாக்கும்தான் பலன் தந்தன. 2005இல் 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்பது 30க்கு 2 ஆனது. 2010இல் இதய நிறுத்தத்துக்கு மூச்சுப்பாதைக்கு முன் மார்பழுத்தம் என்று வரிசை திருப்பப்பட்டது. துடிப்பே இல்லாத நிலையில் வழக்கமாகக் கொடுத்துவந்த அட்ரோபின் நீக்கப்பட்டது. அட்ரினலினைப் பற்றி 2018இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில் 8,014 பேர் இடம்பெற்றனர். மருந்து பெற்றோரில் 3.2 சதவீதமும் பெறாதோரில் 2.4 சதவீதமும் 30 நாள் கடந்து உயிரோடு இருந்தனர். ஆனால் மருந்து பெற்றுப் பிழைத்தோரிடையே மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் விகிதம் அதிகம். அட்ரினலின் பாடத்தில் நீடிக்கிறது, விவாதமும் நீடிக்கிறது. தன் பாடத்தைத் தானே திருத்தத் தயங்காத இந்த நேர்மைதான் இப்படிப்பின் பெரும் பலம்.

கற்பிக்கும் முறையும் மாறியது. தலைவர் சொன்னதைச் செய்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும், செய்து முடித்ததும் அறிவிக்க வேண்டும் என்பது இன்று மதிப்பெண்ணுக்குரிய திறன். அழுத்தம் 5 செ.மீ.க்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை போகிறதா என்று பொம்மையே அளந்து காட்டும். தீராத சிக்கல் மறதி. சான்றிதழ் 2 ஆண்டு செல்லும், கைப்பழக்கமோ சில மாதங்களிலேயே தளர்ந்துவிடும். அதனால் வேலையிடத்திலேயே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறிது நேரம் பழகும் முறை பரவிவருகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் முழுநாள் வகுப்பைவிட இதுவே நோயாளிக்கு நல்லது.

இந்தியாவில் நெடுங்காலம் அமெரிக்கப் பாடமே அப்படியே பின்பற்றப்பட்டது. இந்திய மீளுயிர்ப்பு மன்றம் 2017இல் உள்நாட்டு வழிகாட்டுதல்களை வெளியிட்டது: பொதுமக்களுக்கு மார்பழுத்தம் மட்டும் கொண்ட கோல்ஸ், மருத்துவமனைக்கு வெளியே பணிபுரியும் பயிற்சி பெற்றோருக்கு பிசிஎல்எஸ், மருத்துவமனைக்குள் உள்ளோருக்கு சிசிஎல்எஸ். 2019 முதல் நடைமுறையில் உள்ள எம்பிபிஎஸ் பாடத்திட்டம், முதலாண்டின் அறிமுக வகுப்புகளிலேயே அடிப்படை உயிர்காப்பைச் சேர்த்திருக்கிறது.