சீமைக் கருவேலமும் அப்பாவின் தும்மலும்

எங்கள் வீட்டில் மாசி பிறந்ததென்றால் அப்பா தும்ம ஆரம்பித்து விடுவார். ஒன்று இரண்டு இல்லை, எண்ணினால் பதினைந்து இருபது வரும். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, சித்திரை வரைக்கும் இதே கதைதான். எல்லாம் ஒரகடம் ரோட்டுத் தூசி என்றே நம்பிக்கொண்டிருந்தோம். நாள் முழுக்க லாரியும் கன்டெய்னரும் போகிற ஊரில் அப்படி நம்பினதில் தப்பும் இல்லையே!

சென்ற ஆண்டு சென்னையில் ஒரு டாக்டர் அப்பாவின் முன்கையில் வரிசையாகச் சொட்டு மருந்து வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்திப் பார்த்தார். கால் மணி நேரத்தில் இரண்டு இடம் கொசு கடித்தது போல் தடித்துவிட்டது. ஒன்று வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி. இன்னொன்று சீமைக் கருவேல மகரந்தம்.

அப்பாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "அந்த முள்ளை வெட்டி வித்துத்தானே எங்கம்மா எங்களை வளர்த்தாங்க" என்றார். அன்றிலிருந்து இந்த மரத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயரிலேயே 'சீமை' இருக்கிறது, அதாவது வெளிநாட்டுச் சரக்கு. நம் ஊர் வன்னி மரத்துக்கு அமெரிக்கக் கண்டத்துப் பங்காளி. 1876-ல் சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் என்ற ஆங்கிலேய அதிகாரி, வறண்ட நிலங்களில் விறகுக்காக வளர்க்க இந்த விதை வேண்டும் என்று சென்னைக் கோட்டைக்கு எழுதிக் கேட்டார். அடுத்த ஆண்டு ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த கடப்பா மாவட்டத்துக் கமலாபுரத்தில் நட்டார்கள். காமராஜர்தான் ஹெலிகாப்டரில் விதை தூவினார் என்று எங்கள் ஊர் டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். அவர் பிறப்பதற்கு இருபத்தைந்து வருடம் முன்பே மரம் வந்துவிட்டது!

காயை ஆடு மாடு தின்னும், சாணத்தோடு விதை விழும், விழுந்த இடத்தில் முளைக்கும். ஏரி வற்றினால் ஏரிக்குள்ளேயே காடாகிவிடும். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் என்று நிலம் கைமாறிக்கொண்டே போனது. ஏர் ஓட்டாமல், கட்டடமும் கட்டாமல் கிடக்கிற மனையில் முதலில் குடியேறுவது இந்த மரம்தான். பைபாஸ் ஓரமாக ஒரு நடை போய்ப் பாருங்கள், தெரியும்.

சரி, மகரந்தத்துக்கும் தும்மலுக்கும் என்ன சம்பந்தம்? இதைக் கண்டுபிடித்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1819-ல் லண்டனில் ஜான் பாஸ்டாக் என்ற டாக்டர், கோடை வந்தால் தனக்கு வரும் கண் எரிச்சலையும் தும்மலையும் மருத்துவர் சபையில் விவரித்தார். பிறகு ஒன்பது வருடம் தேடியும் அவருக்குக் கிடைத்த நோயாளிகள் 28 பேர்தான். காரணம் வெயில் என்று அவர் நினைத்தார். வைக்கோல் வாசனைதான் காரணம் என்று ஜனங்கள் 'வைக்கோல் காய்ச்சல்' என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் வைக்கோலும் காரணமில்லை, காய்ச்சலும் வருவதில்லை.

மான்செஸ்டரில் இருந்த சார்லஸ் பிளாக்லி தன்னையே சோதனை எலியாக்கிக்கொண்டார். மகரந்தத்தை மூக்கில் இட்டுப் பார்த்தார், தோலைக் கீறித் தேய்த்துப் பார்த்தார். மேலே காற்றில் மகரந்தம் இருக்கிறதா என்று அறிய, பசை தடவிய கண்ணாடித் தகடுகளைக் காற்றாடியில் கட்டிப் பறக்கவிட்டார். 1873-ல் புத்தகமாகவே எழுதிவிட்டார். அப்பாவின் கையில் செய்தது அவர் சோதனையின் பேரன்தான். வயலிலேயே கிடக்கும் விவசாயிகளுக்கு இது அதிகம் வருவதில்லை, படித்தவர்களுக்குத்தான் வருகிறது என்றும் அவர் குறித்து வைத்தார். பாட்டி அந்த முள் காட்டிலேயே வாழ்ந்தும் ஒரு தும்மல் போட்டதில்லை. அப்பாவுக்கு ஏன் வந்தது என்று அந்த வரியைப் படித்தபோது வெகுநேரம் யோசித்தேன்.

1911-ல் லண்டனில் லியோனார்ட் நூன், மகரந்தச் சாற்றையே கொஞ்சம் கொஞ்சமாக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்கினார். மகரந்தத்தில் நஞ்சு இருப்பதாக அவர் நினைத்தது தவறு, ஆனால் வைத்தியம் பலித்தது. இன்றும் கொடுக்கிறார்கள். மூன்று வருடம் போல ஆகும் என்பதால் அப்பா யோசிக்கிறார்.

மாத்திரை விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் மூளைக்குள்ளும் போவதால் தூக்கம் வரும். அப்பா மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு நைட் ஷிப்ட் போனார். பிரஸ் மெஷின் முன்னால் நின்றபடியே கண் சொருகி, பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் கை தப்பியது. இதை அவர் எங்களிடம் சொன்னதே ஒரு மாதம் கழித்துத்தான். இப்போது டாக்டர் தூக்கம் அதிகம் தராத புதிய வகை மாத்திரையும், பூ எடுப்பதற்கு முன்பே ஆரம்பிக்கிற மூக்கு ஸ்பிரேயும் கொடுத்திருக்கிறார். பைக்கில் வந்ததும் முகம் கழுவிச் சட்டை மாற்றுகிறார். இரவில் உப்புநீரால் மூக்கைக் கழுவுகிறார். இந்த மாசியில் ஒருநாள்கூட லீவு போடவில்லை.

மரத்தையே ஒழித்தால் என்ன என்று கேட்கலாம். ஜப்பானில் போருக்குப் பின் அரசாங்கமே மலை மலையாக நட்ட சுகி மரங்களால் இன்று கோடிக்கணக்கானவர்கள் தும்முகிறார்கள். 2023-ல்தான் பத்து வருடத்தில் அந்தக் காட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கத் திட்டம் போட்டார்கள். இங்கே 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. அதே வருடம் அதற்குத் தடையும் வந்தது. 2022-ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. இத்தனைக்கும் அந்தக் கோர்ட் உத்தரவு நிலத்தடி நீருக்காக வந்தது, தும்மலுக்காக அல்ல.

பாட்டிக்கு இதெல்லாம் காதில் ஏறாது. வெந்நீர் அடுப்புக்கு அந்த விறகுதான் நின்று எரியும் என்பாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, பின்பக்கத்து மனையில் போய் வெட்டிக்கொண்டு வருகிறார்.