மின்னஞ்சல் எரித வடிகட்டல்

மின்னஞ்சல் எரித வடிகட்டல் என்பது, பெறுநர் கேட்காமலேயே பெருந்தொகையாக அனுப்பப்படும் மடல்களை ஏனைய மடல்களிலிருந்து பிரித்தறிந்து, அவற்றை ஏற்க மறுப்பதற்கோ தனியே ஒதுக்குவதற்கோ பயன்படும் கணினி வழிமுறைகளின் தொகுப்பு ஆகும். இத்தகைய மடல்கள் எரிதம், குப்பை அஞ்சல், வேண்டா மடல் எனப் பலவாறு அழைக்கப்படுகின்றன. வடிகட்டலின் பெரும்பகுதி வாடிக்கையாளரின் கணினியில் அன்றி, அவருக்கு மின்னஞ்சல் கணக்கு அளிக்கும் இணைய சேவை வழங்குனரின் வழங்கிகளிலேயே நடைபெறுகின்றது.

எந்த வடிகட்டியும் இரு வகைப் பிழைகளைச் செய்யக்கூடியது. ஒன்று, எரிதத்தை நல்ல மடல் எனக் கருதி உள்ளே விடுதல். மற்றையது, நல்ல மடலை எரிதம் எனக் கருதித் தடுத்தல். முதலாவது பிழையை வாடிக்கையாளர் கண்ணாற் காண்பார். உடனே அழித்தும் விடுவார். இரண்டாவது பிழை அவருக்குத் தெரியாமலேயே போகக்கூடும். நேர்முகத் தேர்வுக்கான அழைப்போ மருத்துவமனையின் அறிக்கையோ வரவில்லை என்றால், அது அனுப்பப்படவில்லை என்றே அவர் எண்ணுவார். எனவே ஒரு வடிகட்டி எவ்வளவு எரிதத்தைப் பிடிக்கின்றது என்பதோடு, அது பிழை செய்யும்போது அப்பிழை யாருக்காவது தெரியவருகின்றதா என்பதும் அதன் தரத்தை மதிப்பிட உதவும் அளவுகோல் ஆகும்.

வரலாறு

1978 ஆம் ஆண்டு மே மாதம், டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேசன் என்னும் கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தூர்க், ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரு விளம்பர மடலை அனுப்பினார். இதுவே முதல் எரித மடல் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆங்கிலத்தில் வழங்கும் ஸ்பாம் என்னும் பெயர், 1937 இல் ஹோர்மல் நிறுவனம் அறிமுகப்படுத்திய தகரத்தில் அடைத்த இறைச்சியின் பெயராகும். 1970 இல் ஒளிபரப்பான மான்டி பைத்தான் நகைச்சுவைக் காட்சி ஒன்றில் அச்சொல் ஓயாது திரும்பத் திரும்ப ஒலித்து மற்றப் பேச்சை மூழ்கடித்ததால், அது இப்பொருளில் வழங்கலாயிற்று.

மின்னஞ்சலைக் கடத்தும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982 இல் வரையறுக்கப்பட்டது. ஒருவரையொருவர் நம்பிய ஆய்வாளர்களின் சிறிய வலையமைப்புக்கு ஏற்ப அது அமைந்திருந்தது. அனுப்புனர் முகவரி என்று எதை எழுதினாலும் அந்நெறிமுறை அதனைச் சரிபார்ப்பதில்லை. பின்னாளில் தோன்றிய வடிகட்டல் முறைகளுட் பல இக்குறையை ஈடுசெய்யும் முயற்சிகளே ஆகும்.

1997 இல் பால் விக்சி முதலானோரின் முயற்சியால் மேப்ஸ் என்னும் கறுப்புப் பட்டியல் உருவானது. 1998 இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பைத் தொடங்கினார். 2001 இல் ஜஸ்டின் மேசன் ஸ்பாம்அசாசின் என்னும் கட்டற்ற மென்பொருளை வெளியிட்டார். 2002 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் பால் கிரகாம் எழுதிய கட்டுரை, நிகழ்தகவை அடிப்படையாகக் கொண்ட வடிகட்டிகளைப் பரவலாக்கியது.

செயற்படும் முறை

சேவை வழங்குனரின் வழங்கியை அடையும் ஒரு மடல் பல கட்டங்களைக் கடக்கின்றது. செலவு குறைந்த சோதனைகள் முதலிலும், கூடுதல் கணிப்பு வேலை தேவைப்படும் சோதனைகள் பின்னரும் செய்யப்படுகின்றன.

கறுப்புப் பட்டியல்கள்

அனுப்பும் கணினி தொடர்பு கொண்டவுடனேயே அதன் ஐபி முகவரி தெரிந்துவிடும். அதனைப் பெறும் வழங்கி, அம்முகவரியின் எண்களைத் தலைகீழாக மாற்றி, பட்டியலை நடத்தும் அமைப்பின் ஆள்களப் பெயரோடு சேர்த்து டிஎன்எஸ் வழியாக வினவுகின்றது. எடுத்துக்காட்டாக, 192.0.2.7 என்னும் முகவரி 7.2.0.192 என மாற்றப்பட்டு வினவப்படும். 127.0.0.2 போன்ற விடை கிடைத்தால் அம்முகவரி பட்டியலில் உள்ளது என்று பொருள். அவ்வாறாயின், மடலின் உள்ளடக்கத்தைப் பெறாமலேயே தொடர்பை மறுத்துவிடலாம்.

இம்முறை விரைவானது. ஆயினும் ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் இடங்களில், ஒருவர் அனுப்பிய எரிதத்தால் மற்றவர்களின் நல்ல மடல்களும் மறுக்கப்படுகின்றன.

சாம்பல் பட்டியலிடல்

2003 இல் இவான் ஹாரிஸ் முன்வைத்த இம்முறையில், முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து மடல் வரும்போது, பெறும் வழங்கி 4 இல் தொடங்கும் தற்காலிகப் பிழைக் குறியீட்டை அனுப்பி, பின்னர் முயலுமாறு கூறுகின்றது. முறையாக இயங்கும் வழங்கிகள் சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலும். எரிதம் அனுப்பும் எளிய நிரல்கள் பல அவ்வாறு காத்திருப்பதில்லை. முதல் மடல் காலந்தாழ்த்தி வந்துசேர்வது இதன் குறை ஆகும். குறுகிய நேரமே செல்லுபடியாகும் கடவுச்சொற்களை மின்னஞ்சலில் பெறுவோர் இதனால் இடர்ப்படுவர்.

அனுப்புனரைச் சரிபார்த்தல்

அனுப்புனர் முகவரியின் பொய்ம்மையைக் கண்டறிய மூன்று முறைகள் பயன்படுகின்றன.

* எஸ்பிஎஃப்: ஓர் ஆள்களப் பெயரின் சார்பில் மடல் அனுப்ப எந்த ஐபி முகவரிகளுக்கு உரிமை உண்டு என்பதை அப்பெயரின் உரிமையாளர் டிஎன்எஸ் பதிவில் அறிவிக்கின்றார். 2006 இல் இதன் விவரக்குறிப்பு வெளியானது.
* டிக்கிம்: அனுப்பும் வழங்கி மடலில் ஓர் எண்ணிம ஒப்பத்தை இடுகின்றது. பெறும் வழங்கி, டிஎன்எஸ் பதிவில் உள்ள பொதுச் சாவியைக் கொண்டு அதனைச் சரிபார்க்கின்றது. இது 2007 இல் வரையறுக்கப்பட்டது.
* டிமார்க்: மேற்கண்ட சோதனைகளில் தேறாத மடலை என்ன செய்யவேண்டும் என்பதை ஆள்களப் பெயரின் உரிமையாளரே அறிவிக்க வழி செய்கின்றது. இதன் விவரக்குறிப்பு 2015 இல் வெளியானது.

இச்சோதனைகள் அனுப்புனர் யார் என்பதையே உறுதி செய்கின்றன. அவர் நல்லவர் என்பதை அன்று. எரிதம் அனுப்புவோரும் தமக்கென ஆள்களப் பெயர் வாங்கி, முறையாக ஒப்பமிட்டு அனுப்ப இயலும். மறுபுறம், நல்ல மடல்களும் இவற்றில் தவறிவிடுவது உண்டு. ஒரு முகவரிக்கு வந்த மடல் வேறொரு முகவரிக்கு அப்படியே திருப்பி அனுப்பப்படும்போது, இடையிலுள்ள வழங்கியின் ஐபி முகவரி எஸ்பிஎஃப் பதிவில் இருப்பதில்லை. 2014 ஏப்பிரல் மாதம் யாகூ நிறுவனம், தன் பெயரில் வந்து டிமார்க் சோதனையில் தேறாத மடல்களை மறுக்குமாறு அறிவித்தபோது, மடற்குழுக்கள் வழியாகச் சென்ற உண்மையான மடல்கள் பெருமளவில் மறுக்கப்பட்டன.

2024 பெப்ரவரி முதல், ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் இம்மூன்று முறைகளையும் பின்பற்றவேண்டும் என்று கூகுள் விதித்துள்ளது.

உள்ளடக்க ஆய்வு

முந்தைய கட்டங்களைக் கடந்த மடலின் தலைப்பகுதியும் உடற்பகுதியும் பின்னர் ஆராயப்படுகின்றன. விதிமுறை வடிகட்டிகள் ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஒரு மதிப்பெண் இடுகின்றன. ஸ்பாம்அசாசின் மென்பொருளில், மாற்றியமைக்காத நிலையில், மொத்தம் 5 புள்ளிகளை எட்டும் மடல் எரிதமாகக் கொள்ளப்படும்.

நிகழ்தகவு வடிகட்டிகள் பேயசின் தேற்றத்தை அடிப்படையாகக் கொண்டவை. இவை ஏற்கெனவே வகைப்படுத்தப்பட்ட மடல்களிலிருந்து கற்கின்றன. எரிதங்களும் நல்ல மடல்களும் சம எண்ணிக்கையில் உள்ள ஒரு தொகுதியில், "பரிசு" என்னும் சொல் 90 எரிதங்களிலும் 10 நல்ல மடல்களிலும் இருந்ததாகக் கொள்வோம். அச்சொல்லின் எரித நிகழ்தகவு 0.9 ஆகும். "தேர்வு" என்னும் சொல்லுக்கு இது 0.2 எனக் கொள்வோம். இரண்டும் ஒரே மடலில் வந்தால், கூட்டு நிகழ்தகவு பின்வருமாறு கணிக்கப்படும்:

(0.9 × 0.2) ÷ (0.9 × 0.2 + 0.1 × 0.8) = 0.18 ÷ 0.26 = ஏறத்தாழ 0.69

0.9 நிகழ்தகவுள்ள இன்னொரு சொல்லும் சேர்ந்தால் இது 0.95 ஆக உயரும். தேர்வில் வென்ற மாணவருக்குப் பரிசளிப்பு விழாவை அறிவிக்கும் மடலும் இவ்வாறு எரிதமாகிவிடலாம். இத்தகைய பிழையைக் குறைக்கும் பொருட்டே, பால் கிரகாம் தம் வடிகட்டியில் நல்ல மடல்களில் வரும் சொற்களின் எண்ணிக்கையை இரு மடங்காகக் கணக்கிட்டார்.

இவ்வடிகட்டிகளை ஏமாற்ற, எரிதம் அனுப்புவோர் எழுத்துகளைத் திரித்து எழுதினர். கதைகளிலிருந்து எடுத்த நல்ல சொற்களை மடலின் இறுதியில் சேர்த்தனர். 2006 அளவில் சொற்களைப் படமாக அனுப்பும் எரிதங்கள் பெருகின. இன்றைய பெரிய சேவைகள் இயந்திரக் கற்றலையும், எரிதம் என்றும் எரிதமன்று என்றும் பயனர்கள் குறிப்பதையும் சேர்த்துப் பயன்படுத்துகின்றன.

மடலுக்கு நேர்வது

எரிதம் என முடிவு செய்யப்பட்ட மடலுக்கு மூன்றில் ஒன்று நேரலாம்.

* மறுத்தல்: தொடர்பு நீடிக்கும்போதே 550 போன்ற குறியீட்டுடன் மடல் மறுக்கப்படுகின்றது. மடல் தவறாக மறுக்கப்பட்டிருந்தால், அனுப்புனரின் வழங்கி அவருக்கு அதனை அறிவிக்கும். அவர் தொலைபேசியிலோ வேறு வழியிலோ தொடர்பு கொள்ளலாம்.
* ஒதுக்குதல்: மடல் எரிதக் கோப்புறையில் இடப்படுகின்றது. பெறுநர் அங்கு சென்று பார்த்தால் பிழை தெரியவரும். பல சேவைகள் 30 நாள் போன்ற ஒரு கால எல்லைக்குப் பின் அதனை அழித்துவிடுகின்றன.
* ஓசையின்றி அழித்தல்: மடல் ஏற்றுக்கொள்ளப்பட்டதாக 250 குறியீடு அனுப்பப்பட்டு, பின்னர் அழிக்கப்படுகின்றது. அனுப்புனர் மடல் சேர்ந்தது என்று நம்புகின்றார். பெறுநரோ அப்படியொரு மடல் வந்ததையே அறியார்.

எஸ்எம்டிபி நெறிமுறையின்படி, ஒரு மடலை ஏற்றுக்கொண்ட வழங்கி அதனைச் சேர்ப்பிக்கவேண்டும், அல்லது சேரவில்லை என்று அறிவிக்கவேண்டும். ஆனால் எரிதங்களின் அனுப்புனர் முகவரி பெரும்பாலும் பொய்யானது என்பதால், பின்னர் அனுப்பப்படும் அறிவிப்புகள் தொடர்பே இல்லாத அப்பாவிகளின் அஞ்சற்பெட்டிகளை நிரப்புகின்றன. இதனாலேயே, தொடர்பு நீடிக்கும்போதே மறுத்துவிடுவது சிறந்த நடைமுறையாகக் கருதப்படுகின்றது.

பிழைகளின் கணக்கு

ஒருவருக்கு வரும் 1000 மடல்களில் 800 எரிதம், 200 நல்லவை எனக் கொள்வோம். வடிகட்டி எரிதத்தில் 95 விழுக்காட்டைப் பிடித்து, நல்ல மடல்களில் 1 விழுக்காட்டைத் தவறாகத் தடுத்தால், 40 எரிதங்கள் உள்ளே வரும். 2 நல்ல மடல்கள் தடைபடும். வடிகட்டியைக் கடுமையாக்கினால் 40 என்னும் எண் குறையும். ஆனால் 2 என்னும் எண் கூடக்கூடும். உள்ளே வந்த எரிதங்களைப் பற்றி வாடிக்கையாளர் முறையிடுவார். தமக்குத் தெரியாமல் தடைபட்ட மடல்களைப் பற்றி அவரால் முறையிட இயலாது. எனவே முறையீடுகளை மட்டும் கொண்டு வடிகட்டியைச் சீரமைக்கும் வழங்குனர், அதனை மேலும் மேலும் கடுமையாக்கும் போக்குக்கு உட்படுகின்றார்.

ஐக்கிய அமெரிக்காவின் வெரைசன் நிறுவனம் 2004 இறுதியிலும் 2005 தொடக்கத்திலும் ஐரோப்பா உள்ளிட்ட பகுதிகளைச் சேர்ந்த ஐபி முகவரித் தொகுதிகள் பலவற்றிலிருந்து வந்த மடல்களைத் தடுத்தது. எரிதத்தோடு வணிக மடல்களும் குடும்ப மடல்களும் தடைபட்டன. வாடிக்கையாளர் சார்பில் 2005 இல் கூட்டு வழக்குத் தொடரப்பட்டது. 2006 இல் இழப்பீடு வழங்கும் உடன்பாட்டுடன் வழக்கு முடிவுக்கு வந்தது.

வெளிச்செல்லும் மடல்கள்

வழங்குனர்கள் உள்வரும் மடல்களை மட்டுமன்றி வெளிச்செல்லும் மடல்களையும் கட்டுப்படுத்துகின்றனர். எரிதத்தின் பெரும்பகுதி, உரிமையாளர் அறியாமலேயே தீநிரல்களால் கைப்பற்றப்பட்ட கணினிகளிலிருந்து அனுப்பப்பட்டு வந்துள்ளது. 2008 நவம்பரில், இத்தகைய கணினிகளை இயக்கிய வழங்கிகளுக்கு இடமளித்த கலிபோர்னியாவின் மெக்கோலோ நிறுவனத்தின் இணைப்புத் துண்டிக்கப்பட்டபோது, உலகளவில் எரிதத்தின் அளவு சட்டென வீழ்ந்தது. சில மாதங்களில் அது மீண்டும் பெருகியது.

இதன் பொருட்டு, வீட்டு இணைப்புகளிலிருந்து 25 ஆம் எண் போர்ட் வழியாக நேரடியாக மடல் அனுப்புவதைப் பல வழங்குனர்கள் தடுத்துள்ளனர். வாடிக்கையாளர்கள் 587 ஆம் எண் போர்ட்டில் கடவுச்சொல் கொடுத்து அனுப்பவேண்டும்.

தமிழ் மடல்கள்

சொற்களை இடைவெளி கொண்டு பிரிக்கும் வடிகட்டிகள், பரிசு, பரிசை, பரிசுக்கு, பரிசாக ஆகியவற்றை வெவ்வேறு சொற்களாகவே கணக்கிடும். வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டும் மொழியாகிய தமிழில் இதனால் புள்ளிவிவரம் சிதறுகின்றது. கற்பதற்குக் கூடுதலான மடல்கள் தேவைப்படுகின்றன. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் திஸ்கி முதலிய குறியேற்றங்களில் எழுதப்பட்ட மடல்கள், ஆங்கிலத்துக்கென அமைந்த வடிகட்டிகளுக்குப் பொருளற்ற குறிகளின் தொடராகவே தோன்றின.

வாடிக்கையாளர் செய்யத்தக்கவை

* எரிதக் கோப்புறையை, அதன் கால எல்லைக்குள், ஒழுங்காகப் பார்வையிடல்.
* தவறாக ஒதுக்கப்பட்ட மடலை எரிதமன்று எனக் குறித்தல். வடிகட்டி இதிலிருந்து கற்கின்றது.
* தாமே விரும்பிப் பதிந்த செய்திமடல் வேண்டாமெனில், எரிதம் எனக் குறிக்காமல் விலகல் இணைப்பைப் பயன்படுத்தல்.
* முன்பின் அறியாதோரின் எரிதத்துக்கு மறுமொழி அனுப்பாதிருத்தல். அது அம்முகவரி பயன்பாட்டில் உள்ளது என்பதை உறுதி செய்துவிடும்.
* முதன்மையான மடல்களை எதிர்பார்க்கும்போது அனுப்புனரின் முகவரியை முன்கூட்டியே தொடர்புப் பட்டியலில் சேர்த்தல்.
* மடல்கள் மறுக்கப்படுகின்றனவா, ஒதுக்கப்படுகின்றனவா, அழிக்கப்படுகின்றனவா என்பதை வழங்குனரிடம் கேட்டறிதல்.

இவற்றையும் பார்க்க

* மின்னஞ்சல்
* பேயசின் தேற்றம்
* தீநிரல்
* ஆள்களப் பெயர் முறைமை