வாளியும் வரைபடமும்: எண்ணூரை இணையம் பார்த்த விதம்

2017 ஜனவரி 28 அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. டான் காஞ்சிபுரம் என்ற கப்பல் எண்ணெய்ச் சரக்கோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு ஏதுமில்லை என்று துறைமுகம் முதலில் அறிவித்தது. ஆனால் எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் பாறைகளுக்கு நடுவே தார் போலக் கறுப்பாக எண்ணெய் வந்து ஒதுங்கிவிட்டது. கரையில் இருந்தவர்கள் கைபேசியில் படம் எடுத்தார்கள். மறுப்பு அறிக்கையும் அந்தப் படங்களும் இணையத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன!

அதன் பிறகு நாடு முழுவதும் பார்த்த படம், வாளி. கடலோரக் காவல் படையினர், மாநகராட்சி ஊழியர்கள், மீனவர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று வாளியில் எண்ணெய்க் கசடை அள்ளிக் கைமாற்றினார்கள். முகநூலில் இதற்கு இரண்டு விதமான வரவேற்பு கிடைத்தது. ஒன்று கேலி. செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய நாட்டில் எண்ணெய் அள்ள வாளியா என்ற தொனியில் துணுக்குகள் பறந்தன. இன்னொன்று பெருமிதம். சில நாட்களுக்கு முன்புதான் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்திருந்தது (ஜனவரி 17 முதல் 23 வரை). அங்கே கூடிய அதே இளைஞர் கூட்டம், அதே வாட்ஸ்அப் குழுக்கள், இப்போது எண்ணூருக்குத் திரும்பிவிட்டன என்று எழுதினார்கள். கறுத்த கையோடு நிற்கும் மாணவனின் படத்துக்கு விருப்பங்கள் குவிந்தன.

இரண்டுமே பாதி உண்மைதான். கசடு மணலோடும் கடல்நீரோடும் கலந்து கெட்டியாகிவிட்டதால் உறிஞ்சும் லாரிகள் திணறின. அதனால் வாளி தேவைப்பட்டது. பல நாட்கள் அள்ளிய கசடு நூறு டன்னைத் தாண்டியது. வாளியைப் பார்த்துச் சிரித்தவர்களும் பாராட்டியவர்களும் எண்ணெய் எப்படிக் கொட்டியது, உடனே மிதவைத் தடுப்பு போட்டு அதை நிறுத்தியிருக்க முடியாதா என்ற கேள்விகளை அதிகம் கேட்கவில்லை. படத்தில் வாளி இருந்தது, கேள்வி இல்லை.

அந்தக் கரையில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. "மீன் வாங்காதீர்கள், எண்ணெய் கலந்திருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது. அக்கறையோடு அனுப்பியவர்களே பெரும்பாலானோர். ஆனால் காசிமேட்டில் மீன் விற்பனை சரிந்தது. எண்ணெயால் வலையை இழந்தவரும், எண்ணெய் எட்டாத தூரத்தில் மீன் பிடித்து வந்தவரும் சேர்ந்தே அடி வாங்கினார்கள். சுற்றுச்சூழலுக்காக ஒரு பொத்தானை அழுத்துகிறவருக்கு அதனால் எந்தச் செலவும் இல்லை. ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் மீன்காரம்மாவுக்கு அன்றைய முதலே போகிறது. இணையச் செயல்பாட்டை மீனவர்கள் ஏன் பல நேரங்களில் சந்தேகத்தோடு பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

எண்ணெய் வந்ததால் எண்ணூர் செய்தியானது. சாம்பல் அப்படி ஆகவில்லை! எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. 1990-களில் வட சென்னை அனல்மின் நிலையம் வந்தது. பிறகு வல்லூரில் 1500 மெகாவாட் நிலையம் வந்தது. நிலக்கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாக செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவது வழக்கம். குழாய் ஒழுகினால் அந்தக் குழம்பு நேராகக் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் இறங்கும். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்கள் பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வந்தார்கள். ஆழம் குறைந்துவிட்டது, இறால் இல்லை, படகு தரை தட்டுகிறது என்று மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். எண்ணெய் ஒரே நாளில் வந்து கறுப்பாக நிற்கிறது. சாம்பலோ இருபது வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. அதை எப்படிப் படம் எடுப்பது?

ஒரு பாட்டு அதைச் செய்தது. கப்பல் மோதலுக்குச் சில நாட்கள் முன்பு, அதே 2017 ஜனவரியில், டி.எம். கிருஷ்ணா பாடிய "சென்னை புறம்போக்குப் பாடல்" யூட்யூபில் வெளியானது. எழுதியவர் கபேர் வாசுகி, படமாக்கியவர் ரதீந்திரன் பிரசாத். கர்நாடக சங்கீத வித்வான் ஒருவர் எண்ணூர்ச் சாம்பல் மேட்டில் நின்று சென்னைத் தமிழில் பாடினார். வசைச் சொல்லாகிப்போன "புறம்போக்கு", உண்மையில் யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்குமான நிலம் என்பதுதான் பாட்டின் பொருள். மயிலாப்பூர் சபா ரசிகர்களில் பலர் எண்ணூரை முதன்முதலில் பார்த்ததே இந்தப் பாட்டில்தான் என்றால் மிகையாகாது. வடசென்னை என்றாலே சினிமா காட்டிய அடிதடிதான் என்று இருந்த மனத்துக்குள் அப்போதுதான் ஓர் ஆறு நுழைந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் கமல்ஹாசன் ட்விட்டரில் கொசஸ்தலை ஆற்றின் ஆக்கிரமிப்பு பற்றி எழுதினார். மறுநாள் காலையிலேயே எண்ணூருக்கு வந்து சாம்பலில் நடந்தார். உடனே இணையம் இரண்டாகப் பிரிந்தது. அரசியலுக்கு வரப்போகிறார், அதற்கான ஒத்திகை இது என்றது ஒரு தரப்பு (2018 பிப்ரவரியில் கட்சி தொடங்கினார் என்பது வேறு கதை). எந்தக் காரணத்துக்காக வந்தால் என்ன, வந்தாரே என்றது மறு தரப்பு. காட்டுக்குப்பத்துக்காரர்களுக்கு அந்த வாரம் தொலைக்காட்சி வண்டிகள் வந்தன, அடுத்த வாரம் வரவில்லை.

இதற்கெல்லாம் நடுவே யாரும் பெரிதாகப் பகிராத ஒன்று இருந்தது. அது ஒரு வரைபடம். 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்கே கட்டடம் கட்ட முடியாது. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநிலத் துறையிடமிருந்து கிடைத்த பிற்கால வரைபடத்தில் கழிமுகத்தின் பெரும் பகுதியைக் காணவில்லை! ஆயிரக்கணக்கான ஏக்கர் நீர்நிலை காகிதத்தில் மறைந்துவிட்டது. தண்ணீர் இருக்கிறது, இறால் பிடிக்கிறார்கள், ஆனால் சட்டத்தின் கண்ணில் ஆறே இல்லை. வாளியைவிட, கமல் வருகையைவிட இது பெரிய செய்தி. ஆனாலும் இரண்டு வண்ணத்தாள்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை விருப்பக்குறி போடும் விரலுக்கு இல்லை. பசுமைத் தீர்ப்பாயத்தில் வேலை செய்தது இந்த மாதிரிக் காகிதங்களும் மீனவர்கள் போட்ட வழக்குகளும்தான். சாம்பல் மாசுக்கு மின்வாரியமே பொறுப்பு என்று தீர்ப்பாயம் 2022-இல் சொன்னது.

அப்படியானால் இணையச் செயல்பாடு வெறும் வேடிக்கையா? அரசுகள் அப்படி நினைக்கவில்லை. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கைக்கு எதிராக லட்சக்கணக்கான மின்னஞ்சல்கள் போனபோது, அதில் ஈடுபட்ட இளைஞர் அமைப்பு ஒன்றின் இணையதளம் முடக்கப்பட்டது. டெல்லி காவல்துறையின் நோட்டீஸில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமே குறிப்பிடப்பட்டு, பிறகு தவறுதலாக நடந்துவிட்டது என்று திரும்பப் பெறப்பட்டது. சோம்பேறிகளின் போராட்டம் என்று ஒரு பக்கம் கேலி, நாட்டுக்கே ஆபத்து என்று இன்னொரு பக்கம் பயம். ஒரே மின்னஞ்சல் இரண்டாகவும் இருக்க முடியுமா?

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிவாக்கும் அதானி குழுமத்தின் திட்டம் வந்தபோது இதே பிளவு திரும்பவும் தெரிந்தது. பழவேற்காட்டைக் காப்போம் என்ற ஹேஷ்டேக் 2021 ஜனவரியில் பரவியது. "வளர்ச்சிக்கு எதிரிகள், ஏசி அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார்கள்" என்று பதில்கள் வந்தன. ஆனால் எதிர்ப்பின் மையத்தில் இருந்தவர்களோ கடலுக்குப் போகிற மீனவர்கள். வேலை வரும் என்ற நம்பிக்கையும் அந்தப் பகுதியில் இருந்தது, அதை மறைப்பதில் பயனில்லை. தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலியாகப் போகும் பிள்ளைகள் மீனவக் குடும்பங்களிலும் உண்டு. அம்மாதம் 22-ஆம் தேதி நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கவில்லை. 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்தது. சென்னைப் பெட்ரோலியம் கார்ப்பரேஷன் தன் குழாய்களில் கசிவு இல்லை என்று சொன்னது. ஆனால் இம்முறை வெளியிலிருந்து பாட்டோ நடிகரோ வரும்வரை குப்பங்கள் காத்திருக்கவில்லை. படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்திருப்பதை மீனவ இளைஞர்களே இடம், நேரம் சொல்லிப் படம் பிடித்துப் போட்டார்கள். சிறகெல்லாம் எண்ணெய் ஒட்டிய கூழைக்கடாவின் படம் நாடெங்கும் பரவியது. தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் இருட்டில் மூச்சுத்திணறி ஓடினார்கள். அந்த இரவின் படங்களையும் எடுத்தவர்கள் ஓடியவர்களேதான்.

பறவைக்குக் கிடைத்த இரக்கம் எங்களுக்குக் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் குப்பங்களில் எழுந்தது. அதற்கு மத்தியிலும் கரையில் எண்ணெய் அள்ளியது பெரும்பாலும் மீனவர்களே, இந்த முறையும் வாளிகளோடு.