கன்னம் வைத்தலும் வீடு உடைத்தலும்

வீட்டிலே நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுக்கும் வரலாறு உண்டு. வீட்டின் உறுப்புகளைக் குறிக்கும் சொற்கள் சிலவற்றையும், பிறர் வீட்டுக்குள் திருட நுழைவதைக் குறிக்கும் சொற்களையும் இன்று பார்ப்போம். பின்னதைத் தெரிந்து வைத்துக்கொள்வதால் காவல் நிலையத்திலும் ஒரு பயன் உண்டு.

வீட்டுக்குப் பழைய பெயர் ‘இல்’. வீட்டின் வாய் ‘இல்வாய்’. அது முன்பின்னாக மாறி ‘வாயில்’ ஆயிற்று. இல்லின் முன்புறமான ‘இல்முன்’ அவ்வாறே ‘முன்றில்’ ஆயிற்று. இலக்கணப் போலி என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இவை நினைவிருக்கும். இந்நாட்டில் நாம் முன்றிலை மறந்து ‘அஞ்சடி’ என்கிறோம். 1822ஆம் ஆண்டில் ராபிள்ஸ் சிங்கப்பூர் நகருக்குத் திட்டம் வகுத்தபோது, கடைவீடுகளின் முன்னால் மக்கள் நடந்துசெல்லக் கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்று விதித்தார். அதை மலாயில் ‘காக்கி லீமா’ என்றனர். தமிழர் ‘அஞ்சடி’ என்றனர். நகரத்துக் கடைத்தெருவில் வழங்கிய அச்சொல் தோட்டத்து லயத்தின் வாசலுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

சாவி, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்த்துக்கீசியச் சொற்கள். அவர்கள் 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் பிடித்தார்கள். மலாய் மொழியின் ‘ஜெண்டேலா’வும் ‘அல்மாரி’யும் அதே மூலத்திலிருந்து வந்தவைதாம். கொடுத்ததும் உண்டு: மலாய்க்காரர் சொல்லும் ‘பெத்தி’ நம் பெட்டியே. சாவிக்கு நம்மிடம் திறவுகோல் என்ற அழகான சொல் இருந்தும் அதைப் பூட்டி வைத்துவிட்டோம்!

இனித் திருடன் கதைக்கு வருவோம். ‘கன்னம்’ என்றதும் பிள்ளைகள் முகத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். இது வேறு கன்னம். திருடன் சுவரிலே போடும் துளைக்குக் கன்னம் என்று பெயர். அதைத் தோண்டும் கருவி கன்னக்கோல். வீடுகளுக்கு மண்சுவரும் செங்கல் சுவரும் இருந்த நாட்டில், கதவைத் தொடாமல் சுவரைத் துளைப்பதுதான் திருடனுக்குச் சுலபம். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் நிலத்தைத் தோண்டும் உளியும் நூலேணியும் கொண்டு நள்ளிரவில் திரியும் கள்வர் வருகிறார்கள். மழைபெய்யும் இரவிலும் அவர்களைத் தேடிச் சுற்றும் ஊர்க்காவலரும் வருகிறார்கள். சூத்திரகர் எழுதிய மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தில் சர்விலகன் என்பவன் கன்னம் வைப்பதை ஒரு சாத்திரமாகவே பேசுகிறான். சுட்ட செங்கல்லானால் பிடுங்க வேண்டும். சுடாத கல்லானால் வெட்ட வேண்டும். மண்ணானால் நனைக்க வேண்டும். மரமானால் பிளக்க வேண்டும் என்பது அவன் பாடம். துளைக்கு அளவெடுக்க நூல் கொண்டுவர மறந்த அவன், தன் பூணூலையே அளவுகோலாக்கிக் கொள்கிறான்!

நம் முன்னோர் இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தவை அத்தாப்புக் குடிசைகளும் பலகை லயங்களும். துளைக்க மண்சுவர் இல்லை. ஆகவே கன்னக்கோல் என்ற சொல்லுக்கும் வேலை இல்லாமற் போயிற்று. அதன் இடத்துக்கு ‘வீடு உடைத்தல்’ வந்தது. மலாயில் ‘பெச்சா ரூமா’ என்பதும் சொல்லுக்குச் சொல் அதுவே. இரண்டுக்கும் பின்னால் நிற்பது ஆங்கிலேயரின் சட்டம்.

மெக்காலே தலைமையில் 1837இல் எழுதப்பட்ட நகலிலிருந்து 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டம் பிறந்தது. அதை ஒட்டி நீரிணைக் குடியேற்றங்களுக்கு, அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்கு, 1871இல் ஒரு தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. பிறகு மலாய் மாநிலங்களுக்கும் அது பரவி, 1976இல் மலேசியா முழுமைக்கும் ஒரே சட்டமாயிற்று. இந்தியா 2024 ஜூலை முதல் தேதி அப்பழைய சட்டத்தைக் கைவிட்டுப் புதியதை ஏற்றது. மலேசியாவிலோ வீடு உடைத்தலைப் பற்றிய 445ஆம் பிரிவு பழைய எண்ணிலேயே இருக்கிறது.

அந்தப் பிரிவில் சட்டம் தரும் முதல் உதாரணம், ஒருவன் சுவரில் துளையிட்டு அதன் வழியே கையை விடுவது. நம் கன்னக்கோல் ஆசாமியேதான்! ஆனால் எதையும் உடைக்காமலே வீட்டை உடைக்க முடியும் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. ஜன்னல் வழியாக ஏறி நுழைந்தாலும், கதவின் ஓட்டையில் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கினாலும், தொலைந்துபோன உங்கள் சாவியைக் கண்டெடுத்து அதனாலேயே திறந்தாலும், வாசலில் நிற்பவரைத் தள்ளி வீழ்த்திவிட்டுப் புகுந்தாலும் அது வீடு உடைத்தலே. குற்றம் செய்யவோ வீட்டாரை மிரட்டவோ நினைத்து, திறந்து கிடக்கும் கதவு வழியே ஒருவன் சும்மா நடந்து நுழைந்தால் அது வீட்டில் அத்துமீறி நுழைதல் என்ற வேறு குற்றம். அதற்கு முழு ஆளும் நுழைய வேண்டியதில்லை; உடம்பின் ஒரு பகுதி உள்ளே வந்தாலே போதும்.

“பூட்டு உடையவில்லையே, என்ன புகார் கொடுப்பது?” என்று வீட்டோடு இருந்துவிடுகிறவர்கள் நம்மில் உண்டு. சொல்லின் மேற்பொருளை நம்புவதால் வரும் வினை இது. புகார் எழுதும்போது “திருடு போயிற்று” என்று மட்டும் சொல்லாமல், கதவு சாத்தியிருந்ததா, தாழிட்டிருந்ததா, எந்த வழியாக வந்தான், எந்த வழியாகப் போனான் என்பதையும் சொல்லவேண்டும். குற்றம் செய்ய நோக்கிப் புகுந்தவனோ செய்து முடித்தவனோ இவ்வழிகளில் வெளியேறினாலும் அது வீடு உடைத்தலாகும்.

இன்னொரு தயக்கமும் உண்டு. “வீடு தோட்டத்தினுடையது, நமக்கென்ன உரிமை?” என்பார்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது வேறு வழக்கு. அத்துமீறலைச் சொல்லும்போது சட்டம் பேசுவது சொந்தத்தைப் பற்றியன்று. யார் வசம் இருக்கிறது என்பதைப் பற்றி. மனிதர் குடியிருக்கும் கட்டடம், கூடாரம், படகு எதுவானாலும் சரி, பொருளைப் பாதுகாக்கும் இடமானாலும் சரி, வழிபாட்டிடமானாலும் சரி, அதற்கு அது பொருந்தும். பழைய லயங்கள் பலவற்றில் இரு வீடுகளுக்கு நடுவேயுள்ள தடுப்புப் பலகை கூரைவரை எட்டாது. திருட நினைத்து அந்தப் பலகையின் மேல் ஏறி அடுத்த அறைக்குள் இறங்குகிறவனும், சுவர் ஏறி நுழைந்தவன் என்ற கணக்கிலேதான் வருவான்.