காதுக்குள் ஒரு மேடை: கஸ்டம் இன்-இயர் மானிட்டர் வந்த கதை

போன வருஷம் ஒரு காது பரிசோதனை. ஆடியோகிராம் தாளில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. "சத்தமான ஃபேக்டரியில வேலையா சார்?" என்று கேட்டார் ஆடியாலஜிஸ்ட். இல்லைங்க, சாஃப்ட்வேர் என்றேன். "அப்போ ஹெட்போன்" என்றார். கிட்டத்தட்ட 20 வருஷம், கம்பெனி பஸ் இரைச்சலை அமுக்குறதுக்காகப் பாட்டை அதைவிடச் சத்தமாக வைத்துக் கேட்டவன் நான். அந்தப் பள்ளம் இனி நிரம்பாது. மேலும் ஆழமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அதே சமயத்தில் அக்கா பையன் ஒரு பேண்டில் டிரம்ஸ் வாசிக்க ஆரம்பித்திருந்தான். "மாமா, காது அளவெடுத்துச் செய்றாங்களே, அந்த இன்-இயர் வாங்கலாமா?" என்று கேட்டான். எனக்கும் சேர்த்துத் தேடிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். விலைப்பட்டியல் தேடப் போய், வழக்கம்போல வரலாற்றில் போய் நின்றேன்.

தன் பாட்டு தனக்கே கேட்காத காலம்

1965 ஆகஸ்ட் 15. நியூயார்க் ஷியா ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் கச்சேரி. 55 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். வாக்ஸ் கம்பெனி 100 வாட் ஆம்ப்ளிஃபையர் கொடுத்திருந்தது. இன்றைக்கு ஒரு கல்யாண மண்டபத்துக்கே அது காணாது. பாடகர்கள் பக்கம் திரும்பிய மானிட்டர் ஸ்பீக்கர் கிடையாது. கூட்டத்தின் கூச்சலில், தாங்கள் பாடுவது அவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

இதற்கு வந்த தீர்வுதான் 'வெட்ஜ்'. மேடைத் தரையில் சாய்வாக, பாடுபவர் முகத்தைப் பார்த்து வைக்கிற ஸ்பீக்கர். இப்போதும் எல்லா மேடையிலும் பார்க்கலாம். ஆனால் ஒரு பிரச்சினைக்கான தீர்வு இன்னொரு பிரச்சினையைக் கூட்டிக்கொண்டு வந்தது. டிரம்ஸ் சத்தத்தை மீறிக் கேட்க கிட்டாரிஸ்ட் ஏற்றுவார். அதை மீற பாடகர் தன் வெட்ஜை ஏற்றச் சொல்வார். ஒரு எல்லைக்கு மேல் வெட்ஜ் சத்தம் மைக்குக்குள் புகுந்து 'கீ...' என்று ஊளையிடும். புரோகிராமர் பாஷையில் சொன்னால், வெளியேறும் வழியே இல்லாத லூப்.

1976-இல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் 'தி ஹூ' குழுவின் கச்சேரிச் சத்தம் 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பிற்பாடு, காதைக் கெடுத்துக்கொள்ள ஊக்கம் கொடுத்த மாதிரி ஆகும் என்று கின்னஸே அந்தப் பிரிவை நிறுத்திவிட்டது. அந்தக் குழுவின் பீட் டவுன்ஷெண்ட், தன் காது இரைச்சல் பற்றியும் கேட்கும் திறன் போனது பற்றியும் வெளிப்படையாகவே பேசியவர்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்காவின் நயாஷ் நிறுவனம் வேலையிடத்துக்குச் சொல்கிற வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2, 94-க்கு 1 மணி, 97-க்கு 30 நிமிடம், 100-க்கு வெறும் 15 நிமிடம். அதாவது சத்தமான மேடையில் மூணு, நாலு பாட்டு முடிவதற்குள் அன்றைய கோட்டா காலி.

காது கேளாதோர் கருவியிலிருந்து மேடைக்கு

ஸ்பீக்கரைக் காதுக்குள்ளேயே வைத்துவிட்டால்? 1980களில் சிலர் தனித்தனியாக இதே யோசனைக்கு வந்தார்கள். ஸ்டீவி வொண்டரின் சவுண்ட் இன்ஜினியர் கிரிஸ் லிண்டாப், வயர்லெஸ் முறையில் காதுக்கு ஒலி அனுப்பும் கருவியை உருவாக்கினார். அமெரிக்காவில் ஃப்யூச்சர் சானிக்ஸ் மார்ட்டி கார்சியா இசைக்கலைஞர்களுக்கு இயர் மானிட்டர் செய்துகொண்டிருந்தார்.

பெரிய திருப்பம் 1995. வேன் ஹேலன் குழுவின் மானிட்டர் இன்ஜினியர் ஜெரி ஹார்வி, டிரம்மர் அலெக்ஸ் வேன் ஹேலனுக்காக ஒன்று செய்து பார்த்தார். பேஸுக்கு ஒரு டிரைவர், மேல் ஸ்தாயிக்கு ஒரு டிரைவர், நடுவில் பிரித்து அனுப்ப ஒரு கிராஸ்ஓவர், எல்லாம் காதளவு கூட்டுக்குள். அதிலிருந்து பிறந்த கம்பெனிதான் அல்டிமேட் இயர்ஸ்.

எனக்குப் பிடித்த விஷயம், இதன் வேர் ராக் இசையில் இல்லை என்பது. கூடு செய்ய ஆரம்பத்தில் அவருக்குக் கைகொடுத்த வெஸ்டோன், காது கேளாதோர் கருவிக்கு அச்சு செய்து வந்த கம்பெனி. இந்த மானிட்டர்களில் போடுகிற 'பேலன்ஸ்டு ஆர்மேச்சர்' என்ற குட்டி டிரைவரும், நோல்ஸ் போன்ற கம்பெனிகள் ஹியரிங் எய்டுக்காகச் செய்துவந்ததுதான். காது போனவர்களுக்கு உருவான நுட்பம், காது போகாமல் காக்கவும் பயன்பட்டது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் அச்சு. காதுக்குள் பஞ்சுத் தடுப்பு வைத்து, சிலிகான் பசையை ஊசிக்குழாயால் நிரப்பி, இறுகியதும் எடுப்பார்கள். இதை அனுபவமுள்ள ஆடியாலஜிஸ்ட்டிடம்தான் செய்ய வேண்டும். ஒரு சோதனை: விரல் நுனியைக் காதில் வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். காதுத் துவாரம் அசைவது தெரியும். தாடை மூட்டு அதற்குப் பக்கத்திலேயே இருப்பதுதான் காரணம். பாடகர்களுக்குப் பல்லிடுக்கில் ஒரு கட்டை கொடுத்து வாயைத் திறந்தபடி அச்செடுப்பது இதனால்தான். இல்லாவிட்டால் உச்சஸ்தாயியில் வாய் திறக்கும்போது அடைப்பு விட்டு பேஸ் காணாமல் போகும்.

அடுத்தது டிரைவர் எண்ணிக்கை. 12 இருந்தால் 6-ஐவிட இரண்டு மடங்கு நல்லது என்பதெல்லாம் கிடையாது. டியூனிங்தான் முக்கியம். பல டிரைவர் உள்ளவற்றில் மின்தடை அலைவரிசைக்கு அலைவரிசை மாறும். அதனால் ஒரே இயர்போன் மிக்ஸரில் ஒரு மாதிரியும் போனில் வேறு மாதிரியும் ஒலிக்கலாம். எதில் சொருகப் போகிறீர்களோ அதிலேயே கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது பழக்கம். மேடைச் சத்தம் 105 டெசிபல், காது அடைப்பு 25-ஐத் தடுத்தால் உள்ளே வருவது 80. இந்த லாபம், நீங்கள் வால்யூமைக் குறைத்தால்தான் உண்டு. பழைய வெட்ஜ் சத்தத்துக்கே ஏற்றிக்கொண்டால் கொடுத்த காசு தண்டம். கூட்டத்தின் சத்தம் கேட்கணும் என்று ஒரு காதைக் கழற்றிவிட்டு வாசிப்பது இன்னும் மோசம். திறந்த காது முழுச் சத்தத்தையும் வாங்கும், மூடின காதுக்கு வால்யூமை ஏற்றுவீர்கள். கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக் வைத்து அதை மிக்ஸில் கலப்பதே சரியான வழி.

எங்கள் முடிவு

அக்கா பையனுக்குக் கஸ்டம்தான் என்று சொல்லிவிட்டேன். வாரத்தில் பல மணி நேரம் டிரம்ஸுக்குப் பின்னால் உட்காருகிறவனுக்கு அது ஆடம்பரம் இல்லை, கட்டட வேலைக்காரருக்கு ஹெல்மெட் மாதிரி. ஒன்றைச் சொல்லி வைத்தேன்: அது உன் காதுக்கு மட்டும்தான் பொருந்தும், பிடிக்காவிட்டால் விற்பது கஷ்டம். காதும் வருஷக்கணக்கில் கொஞ்சம் மாறும், அப்போது திரும்ப அச்செடுக்க வேண்டிவரும்.

எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். பஸ்ஸில் பாட்டுக் கேட்பவனுக்குக் காதை நன்றாக அடைக்கிற ஃபோம் டிப் போட்ட சாதாரண இன்-இயரே போதும். பேஸ் மெலிந்து கேட்டால் டிப் அளவு சரியில்லை என்று அர்த்தம், வால்யூமை ஏற்றாமல் டிப்பை மாற்றணும். ரோட்டில் நடக்கும்போது கழற்றிவிடணும், பின்னால் வரும் வண்டி கேட்காது.

இப்போது முன்பைவிட வால்யூம் பட்டை பாதியில்தான் நிற்கிறது. பாட்டில் எதுவும் குறைந்த மாதிரி தெரியவில்லை. 20 வருஷம் முன்னாடியே ஒரு ஃபோம் டிப் வாங்கியிருந்தால், அந்த 4,000 ஹெர்ட்ஸ் கோடு இந்த அளவுக்கு இறங்காமல் இருந்திருக்கலாம்.