நிகழ்ச்சி ஒளிப்படவியலுக்கான முதல் வில்லை

நிகழ்ச்சி ஒளிப்படவியல் என்பது திருமணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, கோயில் திருவிழா, கல்லூரி விழா முதலியவற்றை அவை நடைபெறும்பொழுதே படமாகப் பதிவு செய்யும் தொழில் ஆகும். வில்லையை மாற்றத்தக்க ஒளிப்படக்கருவியைக் கொண்டு இத்தொழிலில் நுழைபவர், கருவியுடன் வந்த வில்லைக்கு அப்பால் முதலில் எதை வாங்குவது என்பது பலரும் எழுப்பும் வினாவாகும். வில்லை என்பது பேச்சுவழக்கில் லென்ஸ் என்றே வழங்கும்.

இதற்கான விடை வில்லையின் புகழையோ அது எவ்வளவு தொலைவை அருகே கொணரும் என்பதையோ பொறுத்ததன்று. நிகழ்ச்சி நடைபெறும் இடத்தில் ஒளிப்படக் கலைஞருக்குக் கிடைக்கும் நிற்குமிடம், அங்குள்ள ஒளி ஆகிய இரண்டையும் பொறுத்ததாகும். இக்கட்டுரை பெரம்பலூர் மாவட்டத்திலுள்ள குரும்பலூர் போன்ற பேரூர்களையும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

இடமும் ஒளியும்

இப்பகுதியில் திருமணங்கள் மண்டபத்திலோ கோயிலிலோ வீட்டின்முன் இடப்பட்ட பந்தலிலோ நடைபெறுகின்றன. முகூர்த்தம் பல நேரங்களில் கதிரவன் தோன்றுவதற்கு முன்பே, பிரம்ம முகூர்த்தத்தில் அமைகிறது. எனவே சன்னல் வழி வரும் பகலொளியை நம்ப இயலாது. மேடையின்மேல் உள்ள குழல்விளக்குகளும் நிகழ்படம் எடுப்போர் பிடிக்கும் விளக்குமே கிடைக்கும் ஒளி.

தாலி கட்டும் நேரத்தில் மேடையில் பெற்றோர், தாய்மாமன், புரோகிதர், முடிச்சுப் போட நிற்கும் நாத்தனார், அட்சதையுடன் நெருங்கும் உறவினர் எனக் கூட்டம் மணமக்களைச் சூழ்ந்துவிடும். ஒளிப்படக் கலைஞருக்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று மீட்டர் தொலைவு மட்டுமே. பின்னே நகர்ந்தால் வேறொருவர் முன்னே வந்து நிற்பார். இந்நிகழ்வு சில நொடிகளில் முடிந்துவிடும். மீண்டும் ஒருமுறை கட்டச் சொல்லிப் படமெடுக்க முடியாது. ஆகவே ஒரு வில்லை இத்தொழிலுக்குப் பொருந்துமா என்பதை இந்தச் சில நொடிகளைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

குவியத் தூரம்

ஒரு வில்லை எவ்வளவு அகலமான காட்சியைப் பிடிக்கும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். உணரியின் அகலத்தைத் தொலைவால் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால் காட்சியின் அகலம் கிடைக்கும். தொடக்கநிலைக் கருவிகளில் பெரும்பாலும் உள்ள ஏபிஎஸ்-சி உணரியின் அகலம் சுமார் 23.5 மி.மீ. (கெனான் கருவிகளில் சற்றுக் குறைவு). இதில் 3 மீட்டர் தொலைவிலிருந்து 50 மி.மீ. வில்லை பிடிப்பது 1.4 மீட்டர் அகலம். மணமக்கள் இருவர் மட்டும் அதில் அடங்குவர். தாய்மாமன் வெட்டுண்டு போவார். 35 மி.மீ. வில்லை 2 மீட்டரையும், 17 மி.மீ. வில்லை 4 மீட்டருக்குச் சற்று மேலும் பிடிக்கும். முழுச்சட்ட உணரியில் (36 மி.மீ. அகலம்) 24 மி.மீ. வில்லை அதே தொலைவில் 4.5 மீட்டரைப் பிடிக்கும்.

50 மி.மீ. எஃப்/1.8 வில்லை மிகக் குறைந்த விலையில் கிடைப்பதால் பலரும் அதையே முதலில் வாங்குகின்றனர். அது நல்ல வில்லையே. ஆயினும் ஏபிஎஸ்-சி கருவியில் அதனை மட்டும் கொண்டு மேடையேறுபவர் முகங்களைப் பெறுவார், நிகழ்ச்சியைப் பெறமாட்டார்.

மறுபுறம், மிக அகன்ற கோணத்திலும் இடர்ப்பாடு உண்டு. வரவேற்பில் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நிற்கும்போது 17 மி.மீ. அளவில் எடுத்தால் ஓரத்தில் நிற்பவரின் முகமும் உடலும் பக்கவாட்டில் விரிந்து தோன்றும். படத்தொகுப்பைப் பார்க்கும் பெரியம்மா இதனை மன்னிப்பதில்லை. இடமிருந்தால் பின்னே சென்று 24 முதல் 35 மி.மீ. வரையிலான அளவில் எடுப்பதே முறை.

துளையின் அளவு

வில்லைத் துளையின் அளவு எஃப்-எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் சிறிதாயின் துளை பெரிது. கருவியுடன் தரப்படும் 18-55 மி.மீ. வில்லையில் பொதுவாக அகன்ற முனையில் எஃப்/3.5 ஆகவும் நீண்ட முனையில் எஃப்/5.6 ஆகவும் மிகப்பெரிய துளை அமைகிறது. எஃப்/2.8 துளை, எஃப்/5.6 துளையை விட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. ஒரு மண்டபத்தில் ஐஎஸ்ஓ 1600 அளவில் எஃப்/5.6 துளைக்கு 1/25 நொடி தேவைப்படுமாயின், எஃப்/2.8 துளைக்கு 1/100 நொடி போதும். 1/25 நொடியில் முடிச்சிடும் விரல்கள் கலங்கிவிடும். வில்லையிலுள்ள அதிர்வு தடுக்கும் அமைப்பு கலைஞரின் கை நடுக்கத்தையே சரிசெய்யும். மணமகனின் கை நடுக்கத்தை அன்று.

இந்த 1/100 நொடிக்கு வேறொரு பயனும் உண்டு. இந்தியாவில் மின்னோட்டத்தின் அலைவெண் 50 எர்ட்சு ஆதலால், பழைய வகைக் குழல்விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. 1/50 அல்லது 1/100 நொடியில் எடுத்தால் ஒளி சீராக அமையும். அதனினும் விரைவாக எடுத்தால் படத்தில் பட்டைகளோ நிற வேறுபாடோ தோன்றக்கூடும்.

பிளாஷ் இருக்க அகன்ற துளை எதற்கு என்று கேட்கலாம். பிளாஷ் ஒளியை வெண்ணிறக் கூரையில் பட்டுத் திரும்பச் செய்தால் முகத்தில் மென்மையாக விழும். பந்தலில் கூரையே வண்ணத் துணி என்பதால் திரும்பும் ஒளி அத்துணியின் நிறத்தை முகங்களில் பூசிவிடும். உயர்ந்த மண்டபங்களில் கூரையை எட்டித் திரும்புவதற்குள் ஒளி நலிந்துவிடும். நேராக அடித்தாலோ ஓமப்புகை வெண்படலமாகத் தெரியும். இத்தகைய இடங்களில் துளையே துணை.

ஆயினும் துளையை முழுவதும் திறந்தே வைத்திருத்தல் கூடாது. தாலி கட்டும்பொழுது மணமகன் முகமும் மணமகள் முகமும் ஒரே தளத்தில் இருப்பதில்லை. ஏபிஎஸ்-சி கருவியில் 3 மீட்டர் தொலைவில் 50 மி.மீ. வில்லையை எஃப்/1.8 அளவில் பயன்படுத்தினால் தெளிவாக அமையும் ஆழம் சுமார் கால் மீட்டரே, 35 மி.மீ. அளவில் எஃப்/2.8 எனில் முக்கால் மீட்டருக்கு மேல். இரண்டு வரிசைக் குழுப் படங்களுக்குப் பிளாஷுடன் எஃப்/5.6 ஏற்றது.

பொருத்தமான வில்லை

மேற்கண்டவற்றால், முதல் வில்லையாகப் பொருந்துவது எஃப்/2.8 என்ற மாறாத துளையுடைய இயல்புநிலை உருப்பெருக்க வில்லை எனலாம். ஏபிஎஸ்-சி கருவிக்கு இது 17-50 மி.மீ. அல்லது 18-50 மி.மீ. ஆகவும், முழுச்சட்டக் கருவிக்கு 24-70 மி.மீ. அல்லது 28-75 மி.மீ. ஆகவும் அமையும். 2006இல் வெளிவந்த டாம்ரான் 17-50 மி.மீ. வில்லை, கருவி நிறுவனங்களின் சொந்த வில்லைகளை விடக் குறைந்த விலையில் இவ்வசதியைத் தந்தது. ஆடியற்ற கருவிகளுக்குச் சிக்மா 18-50 மி.மீ. எஃப்/2.8 வில்லை 2021இலும், கெனான் ஆர்எஃப் பொருத்தியுடன் 2024இலும் வெளியாயிற்று. அதற்குப் பணம் போதாதெனில், ஏபிஎஸ்-சி கருவிக்கு 50 மி.மீ. வில்லையை விட 35 மி.மீ. எஃப்/1.8 வில்லை மேலானது. நிக்கான் நிறுவனம் 2009இல் இத்தகைய ஒன்றை வெளியிட்டது.

இரண்டு ஒற்றைக் குவியத் தூர வில்லைகளை வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம் என்பாரும் உளர். தேரோட்டத்தின் புழுதியில் வில்லையைக் கழற்றுவது உணரியின்மேல் தூசு படிய வழிசெய்யும். மேலும், கழற்றி மாட்டும் நேரத்தில் தேர் நகர்ந்துவிடும்.

70-200 மி.மீ. போன்ற தொலைவில்லை சல்லிக்கட்டுக்கும் மேடைப் பேச்சுக்கும் வேண்டும். அது இரண்டாவது வில்லை. ரஞ்சன்குடி கோட்டை போன்ற திறந்தவெளிகளில் மணமக்களைப் பகலில் எடுப்பதற்குக் கருவியுடன் வந்த வில்லையே போதுமானது.

வரலாறு

விரைவான வில்லைக்கான தேவை ஒளிப்படவியலின் தொடக்கத்திலேயே எழுந்தது. 1840இல் யோசப் பெட்சுவால் வடிவமைத்து வோய்க்லாண்டர் நிறுவனம் உருவாக்கிய உருவப்பட வில்லை ஏறத்தாழ எஃப்/3.6 துளையைக் கொண்டிருந்தது. முந்தைய வில்லைகளை விடப் பத்து மடங்குக்கும் மேலான ஒளியை அது தந்தமையால் மனிதர் அசையாதிருக்க வேண்டிய நேரம் பெரிதும் குறைந்தது. சென்னை மாகாணத்தின் அரசு ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயசு டிரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டை 1858இல் 21 படங்களாக எடுத்து ஒரே நீண்ட படமாக இணைத்தார். கல்வெட்டு அசைவதில்லை என்பதால் அவருக்கு விரைவு தேவைப்படவில்லை. அசையாப் படக்கருவிக்கென விற்பனைக்கு வந்த முதல் உருப்பெருக்க வில்லையான வோய்க்லாண்டர் சூமார் (1959), 36-82 மி.மீ. வீச்சும் எஃப்/2.8 துளையும் உடையது.

தமிழகத்து ஊர் ஸ்டுடியோக்களில் நெடுங்காலம் பயன்பட்ட யாசிக்கா இரட்டைவில்லைக் கருவிகளில் வில்லையை மாற்ற இயலாது, 80 மி.மீ. எஃப்/3.5 வில்லை ஒன்றே. ஒரு சுருளில் 12 படங்கள். எந்த வில்லையை வாங்குவது என்ற வினாவே அன்று எழவில்லை. எந்தப் பன்னிரண்டு நொடிகள் என்பதே வினா.

பழைய வில்லை வாங்குதல்

புதிய வில்லைக்கு வழியில்லாதோர் பயன்படுத்திய வில்லையை வாங்குவது வழக்கம். வாங்குமுன் வில்லையின் பின்புறத்திலிருந்து கைவிளக்கொளியைப் பாய்ச்சி முன்புறமாகப் பார்க்க வேண்டும். சிலந்திவலை போன்ற நூலிழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் தவிர்த்தல் நலம். முன்கண்ணாடியிலுள்ள சிறு கீறல் படத்தைப் பெரிதும் கெடுப்பதில்லை. உருப்பெருக்க வளையம் இறுக்கமின்றித் திரும்புகிறதா, துளையின் இதழ்களில் எண்ணெய் கசிந்துள்ளதா என்பனவற்றையும் நோக்க வேண்டும்.

அருகிலுள்ள ஸ்டுடியோக்கள் எந்நிறுவனத்துப் பொருத்தியைப் பயன்படுத்துகின்றன என்று அறிந்து வாங்குவது பயன்தரும். முகூர்த்த நாளன்று வில்லை பழுதானால் இரவல் கிடைக்கும். பெருநகரங்களில் வில்லைகள் நாள் வாடகைக்கும் தரப்படுகின்றன. ஒரு திருமணத்திற்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்து, எடுத்த படங்களில் எந்தக் குவியத் தூரம் மிகுதியாகப் பயன்பட்டது என்பதைக் கோப்பிலுள்ள தரவிலிருந்து எண்ணிப் பார்த்தபின் வாங்கலாம். இதற்கு ஆடியும் மார்கழியும் ஏற்ற மாதங்களல்ல. அப்போது திருமணங்களே நடைபெறுவதில்லை. எடுத்த படங்களை எண்ணிப் பார்க்கவும் வில்லைகளைப் பழுது நீக்கக் கொடுக்கவும் அம்மாதங்கள் உதவும்.